காட்டைப் பதிவேட்டில் தேடும் சட்டம்

1980 அக்டோபர் 25 அன்று நடைமுறைக்கு வந்த வனப் பாதுகாப்புச் சட்டம் ஐந்தே பிரிவுகள் கொண்ட மிகச் சிறிய சட்டம். காட்டு நிலத்தைக் காடல்லாத பயன்பாட்டுக்கு மாற்றவோ, காப்புக் காடு என்னும் நிலையிலிருந்து விடுவிக்கவோ விரும்பும் மாநில அரசு, முன்கூட்டியே ஒன்றிய அரசின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும் என்பதே அதன் சாரம். 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசமைப்புத் திருத்தம் காடுகளை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியிராவிட்டால், இத்தகைய சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியிருக்க இயலாது. எனினும், எதைக் காப்பதற்காக இச்சட்டம் வந்ததோ அந்தக் காடு எது என்பதை அதன் எந்தப் பிரிவும் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தை 1996இல் உச்ச நீதிமன்றம் ஒருவிதமாக நிரப்பியது. 2023இல் நாடாளுமன்றம் வேறுவிதமாக நிரப்பியது. பின்னதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் தொடரப்பட்டுள்ள வழக்கு, இயற்கை வள மேலாண்மைச் சட்டங்களில் அண்மையில் செய்யப்பட்ட மாற்றங்களை எதிர்க்கும் இந்திய வழக்குகளுள் விளைவின் பரப்பால் முதன்மையானது எனலாம்.

இவ்வழக்கின் வேரைத் தேடிச் செல்பவர் நீலகிரி மாவட்டத்தின் கூடலூருக்கு வந்து சேர்வார். தென்கிழக்கு வயநாடு எனப்பட்ட இப்பகுதி 1877இல் மலபார் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. ஆயினும் நில உரிமை மலபார் வழக்கப்படியே தொடர்ந்தது. பரம்பரை உரிமையாக நிலத்தை முழு உடைமையாகக் கொண்டிருந்தவர் ஜென்மி எனவும், அவருடைய நிலம் ஜென்மம் நிலம் எனவும் அழைக்கப்பட்டன. நிலம்பூர்க் கோவிலகம் என்னும் அரச குடும்பம் இங்கே பெரும் ஜென்மியாக விளங்கியது. ஜென்மிகளிடம் குத்தகை பெற்ற நிலங்களில்தான் தேயிலை, காப்பித் தோட்டங்கள் பல எழுந்தன. ஏறத்தாழ 80,000 ஏக்கர் பரப்புள்ள இந்த ஜென்மம் நிலங்களை அரசு வசமாக்கி, உழுபவரே இடையில் எவரும் இன்றி அரசுக்குத் தீர்வை செலுத்தும் ரயத்துவாரி முறைக்குக் கொண்டுவருவதற்காகத் தமிழ்நாடு அரசு 1969இல் கூடலூர் ஜென்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது.

தோட்ட நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. பால்மடீஸ் பிளான்டேஷன்ஸ் வழக்கில் 1972இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், காடுகளை அரசு தன்வசப்படுத்துவது மட்டுமே வேளாண் சீர்திருத்தம் ஆகிவிடாது என்றும், ஆகவே நிலச் சீர்திருத்தச் சட்டங்களுக்கு அரசமைப்பின் 31-ஏ பிரிவு தரும் பாதுகாப்பு அந்தப் பகுதிக்குக் கிடைக்காது என்றும் கூறியது. அடுத்த இரண்டே ஆண்டுகளில், 34ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் வழியாக, இதே சட்டம் ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அந்த அட்டவணையில் இடம்பெறும் சட்டத்தை அடிப்படை உரிமைகளை மீறியதென்று சொல்லி நீதிமன்றம் செல்லாததாக்க முடியாது என்பதுதான் அக்காலத்து நம்பிக்கை. ஐ.ஆர். கொயெலோ வழக்கில் 2007 ஜனவரி 11 அன்று தலைமை நீதிபதி ஒய்.கே. சபர்வால் தலைமையிலான ஒன்பது நீதிபதிகளின் அமர்வு அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டை வகுத்த கேசவானந்த பாரதி தீர்ப்பு வெளியான 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு ஒன்பதாவது அட்டவணையில் சேர்க்கப்பட்ட எந்தச் சட்டமும் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கிறதா என்ற சோதனைக்கு உட்பட்டதே என அது அறிவித்தது. அரசமைப்புச் சட்டம் படிக்கும் எவரும் தாண்டிச் செல்ல முடியாத இத்தீர்ப்பு, ஒரு மலைத் தாலுகாவின் காட்டுத் தகராறில் பிறந்தது என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை.

கொயெலோ வழக்கின் மேல்முறையீடுகள் நிலுவையில் இருந்த காலத்திலேயே கூடலூரிலிருந்து இரண்டாவது வழக்கும் தில்லிக்குச் சென்றது. நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு, தம் குடும்பத்தின் உடைமையாக ஒருகாலத்தில் இருந்து பின்னர் அரசு வசமான காடுகளில் மரங்கள் வெட்டப்படுவதைத் தடுக்கக் கோரி 1995இல் ரிட் மனு தாக்கல் செய்தார். நீதிபதிகள் ஜே.எஸ். வர்மாவும் பி.என். கிர்பாலும் அம்மனுவின் எல்லையை நாடு முழுவதற்கும் விரித்து, 1996 டிசம்பர் 12 அன்று இடைக்கால ஆணை ஒன்றைப் பிறப்பித்தனர். காடு என்ற சொல்லை அதன் அகராதிப் பொருளில் கொள்ள வேண்டும். அரசுப் பதிவேட்டில் காடு என்று குறிக்கப்பட்ட நிலமும், உடைமையாளர் யாராக இருப்பினும், 1980ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் அடங்கும். ஒவ்வொரு மாநிலமும் ஒரு மாதத்துக்குள் வல்லுநர் குழு அமைத்துக் காடுகளை அடையாளம் காண வேண்டும் என்பவை அதன் மையக் கட்டளைகள். வழக்கை முடித்துவைக்காமல் அவ்வப்போது ஆணைகள் பிறப்பித்து நிர்வாகத்தைக் கண்காணித்துவரும் இம்முறையைத் தொடர் செயலுறுத்தும் ஆணை என்று சட்டத்துறையினர் குறிப்பிடுவர். மனுதாரர் 2016இல் காலமான பின்னும் அவர் பெயரிலேயே வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

பொதுவாக மேற்கோள் காட்டப்படுவது ஆணையின் அகராதி வாசகமே என்றாலும், தமிழ்நாட்டுக்கென அதில் தனியாக இடம்பெற்ற கட்டளைகளைப் படித்தால்தான் ஒரு நீதிமன்றம் காட்டை நிர்வகிக்கத் தொடங்கினால் எவ்வளவு நுணுக்கமான இடங்கள்வரை இறங்க வேண்டியிருக்கும் என்பது விளங்கும். தோட்டங்களில் நிழலுக்காக நிற்கும் மரங்களுள் நட்டு வளர்த்தவற்றை மட்டுமே வெட்டலாம், தானாக முளைத்தவற்றைத் தொடக்கூடாது. அதுவும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் அறிக்கையில் குறிப்பிட்ட மர வகைகளை, அந்த அறிக்கை பரிந்துரைத்த அளவில், மாநில அரசு அமைத்த குழுவின் மேற்பார்வையில்தான் வெட்ட வேண்டும். விறகுக்காக வளர்த்த யூகலிப்டஸ், சீகை மரங்களைத் தோட்டங்கள் குழுவின் அனுமதியோடு சொந்தப் பயன்பாட்டுக்கு வெட்டிக்கொள்ளலாம். 1995 டிசம்பர் 11க்கு முன்பு வெட்டிப் போடப்பட்ட மரங்களை எடுத்துச் செல்லலாம், ஆனால் அவை ஜென்மம் நிலத்தில் வெட்டப்பட்டவையாக இருக்கக்கூடாது. ஜென்மம் நிலத்து மரங்களின் கதி, நிலுவையிலிருந்த உரிமையியல் மேல்முறையீடுகளில் பிறப்பிக்கப்படும் ஆணையைப் பொறுத்தது என்று எழுதி, அந்த மேல்முறையீடுகளின் எண்களையும் நீதிபதிகள் குறிப்பிட்டனர். அவற்றுள் கொயெலோவின் மேல்முறையீடும் ஒன்று. ஆக, ஒன்பதாவது அட்டவணையைத் திறந்த வழக்கும் காட்டின் பொருளை விரித்த வழக்கும் ஒரே ஆணையின் ஒரே பத்தியில் சந்தித்துக்கொண்டன.

1969ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிய வழக்குகள் அனைத்தும் காடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைச் சுற்றியே நடந்தன. 1996ஆம் ஆண்டு ஆணை அக்கேள்வியை ஒதுக்கிவிட்டு, தரையில் நிற்பது காடா என்று கேட்டது. இந்த மாற்றத்தின் வீச்சை மறுப்பதற்கில்லை. ஆனால் தரையில் நிற்பதைக் காடு என்று சொல்வதற்கும் யாரேனும் சென்று பார்த்து, அளந்து, புல எண்ணோடு எழுதிவைக்க வேண்டும். அப்பணி வல்லுநர் குழுக்களிடம் விடப்பட்டது. கர்நாடகத்தில் நடந்தது இதற்குத் தக்க சான்று. அங்கு முதலில் 9.94 லட்சம் ஹெக்டேர் நிலம் காடாகக் கருதத்தக்கது என்று அடையாளம் காணப்பட்டது. ஆண்டுக்கணக்கில் நீண்ட மறுஆய்வுகளுக்குப் பின் 2022இல் அறிவிக்கப்பட்ட பட்டியலில் எஞ்சியது 3.3 லட்சம் ஹெக்டேர். பட்டியலில் வீடுகளும் வயல்களும் தவறுதலாகச் சேர்ந்திருந்தன என்று அரசு கூறியதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிய பட்டியல், அகராதிப் பொருள் என்பது பட்டியல் தயாரிப்பவரின் கையில் எவ்வளவு நெகிழக்கூடியது என்பதைக் காட்டுகிறது.

அந்த விரிந்த பொருளுக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. கூடலூர்ச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தோட்டக் குத்தகையில் இருந்த ஜென்மம் நிலங்களைப் பற்றியது. உள்ளூரில் ‘பிரிவு 17 நிலம்’ என்றே பேசப்படும் அந்நிலங்களில் பெருந்தோட்டங்களோடு, சிறு விவசாயிகளும் பழங்குடிகளும் குடியிருக்கின்றனர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களும் இத்தாலுகாவில் பெருமளவில் குடியமர்ந்தனர். டேன்டீ தோட்டங்கள் தொடங்கப்பட்டதே அவர்களுக்கு வாழ்வாதாரம் தருவதற்காகத்தான். வழக்கு நிலுவையில் இருக்கிறது, நிலத்தின் தன்மை முடிவாகவில்லை என்ற காரணங்களால் பட்டாவும் மின்னிணைப்பும் பதிற்றாண்டுகளாக இப்பகுதியின் தீராக் கோரிக்கைகளாக நின்றுவிட்டன. காட்டைக் காத்த அதே நிலுவை, மனிதரின் வாழ்க்கையையும் நிலுவையில் வைத்தது; சூழலியல் எழுத்துகள் பலவற்றில் இந்தக் கணக்கு விடுபட்டுப்போகிறது.

2023 மார்ச் 29 அன்று மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா இத்தகைய நிச்சயமின்மையைப் போக்கவே வருவதாக ஒன்றிய அரசு கூறியது. தனியார் நிலத்தில் மரம் வளர்ப்பவர், நாளை அது காடு என்று அறிவிக்கப்பட்டுவிடுமோ என்று அஞ்சி நடாமலே இருந்துவிடுகிறார். இதனால் 2030க்குள் 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவுக்கு ஈடான அளவைக் கூடுதலாக உறிஞ்சும் மரப்பரப்பை உருவாக்கும் இலக்கு தடைப்படுகிறது என்பது அதன் வாதம். துறைசார் நிலைக்குழுவுக்கு அனுப்பப்படாமல் 31 உறுப்பினர் கொண்ட கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்ட அம்மசோதா, மாற்றம் ஏதுமின்றித் திரும்பிவந்து, ஜூலை 26இல் மக்களவையிலும் ஆகஸ்ட் 2இல் மாநிலங்களவையிலும் நிறைவேறி, டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

திருத்தத்தின் உயிர்நாடி 1-ஏ என்னும் புதிய பிரிவு. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தின்கீழோ வேறு சட்டத்தின்கீழோ காடாக அறிவிக்கப்பட்ட நிலம், 1980 அக்டோபர் 25 அன்றோ அதற்குப் பின்போ அரசுப் பதிவேட்டில் காடு எனக் குறிக்கப்பட்ட நிலம் ஆகிய இரண்டுக்கு மட்டுமே இனி இச்சட்டம் பொருந்தும். இரண்டாம் வகையிலும், 1996 டிசம்பர் 12 அன்றோ அதற்கு முன்போ உரிய அதிகாரியின் ஆணைப்படி வேறு பயன்பாட்டுக்கு மாற்றப்பட்டவை விலக்கப்பட்டன. இவற்றோடு விதிவிலக்குகளும் வந்தன: பன்னாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் நாட்டுப் பாதுகாப்பு சார்ந்த சாலை போன்ற நேர்கோட்டுத் திட்டங்கள், 10 ஹெக்டேர்வரையிலான பாதுகாப்புக் கட்டுமானங்கள், இடதுசாரித் தீவிரவாதம் உள்ள மாவட்டங்களில் 5 ஹெக்டேர்வரையிலான பணிகள் ஆகியவற்றுக்கு முன் ஒப்புதல் தேவையில்லை, அரசு நடத்தும் உயிரியல் பூங்காவும் சூழல் சுற்றுலா வசதியும் காடல்லாத பயன்பாடாகக் கருதப்படமாட்டா. 100 கிலோமீட்டர் என்பது ராஜஸ்தானில் ஒரு விளிம்பு. மிசோரத்திலோ திரிபுராவிலோ மேகாலயத்திலோ அது ஏறக்குறைய மாநிலம் முழுவதும் ஆகும். மிசோரம் சட்டமன்றம் 2023 ஆகஸ்டிலேயே இத்திருத்தத்தை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியதன் பொருத்தம் இதுதான்.

வருவாய்த் துறையின் ஆவணங்களோடு பழகியவர்களுக்கு 1-ஏ பிரிவின் நடைமுறை விளைவு உடனே புலப்படும். தமிழ்நாட்டில் ஒரு கிராமத்தின் ‘அ’ பதிவேட்டில் ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்று எழுதப்பட்ட புல எண்ணில் நூறாண்டுக் காலமாகத் தானே வளர்ந்த மரங்கள் அடர்ந்து நிற்கலாம். ஹரியானாவில் ஆரவல்லி மலைச்சரிவுகள் ‘கைர் மும்கின் பஹாட்’, அதாவது பயிரிட இயலாத மலை, என்ற பெயரிலேயே வருவாய்ப் பதிவேட்டில் கிடக்கின்றன. நில வரி வசூலிக்கவென உருவான இப்பதிவேடுகள், நிலத்திலிருந்து என்ன தீர்வை வரும் என்பதைக் குறித்தனவேயன்றி, அங்கே எது வளர்கிறது என்பதைக் கவனித்து எழுதப்பட்டவை அல்ல. 1996ஆம் ஆண்டு ஆணையின்படி இந்நிலங்கள் காடு என்று வாதிட இடமிருந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேறு அறிவிக்கையோ குறிப்போ இல்லையெனில், அந்த இடம் அடைபட்டுவிடுகிறது. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கை நாட்டின் காட்டுப் போர்வையை 7,13,789 சதுர கிலோமீட்டர் என்று கணக்கிடுகிறது. அதில் ஏறத்தாழ 1.97 லட்சம் சதுர கிலோமீட்டர் பதிவுபெற்ற காட்டுப் பரப்புக்கு வெளியே அமைந்தது. அப்பரப்பில் தென்னந்தோப்பும் மாந்தோப்பும்கூடச் சேர்ந்திருப்பதால் அதன் முழு அளவும் பாதுகாப்பை இழக்கிறது என்று சொல்வது மிகை. எவ்வளவு இழக்கிறது என்று சொல்லத் தேவையான பட்டியலைத்தான் மாநிலங்கள் 1997இல் தயாரித்திருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற இந்திய வனப்பணி அதிகாரிகள் உள்ளிட்டோர் 2023இல் தொடுத்த அசோக் குமார் சர்மா வழக்கு இந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. ஆனால் சட்டத்தின் நோக்கில் அவர்கள் பாதை எளிதானதல்ல. நீதிமன்றம் ஒரு சொல்லுக்குத் தந்த பொருளை நாடாளுமன்றம் புதிய சட்டத்தால் மாற்றக்கூடாது என்று விதி ஏதுமில்லை. தீர்ப்பைச் செல்லாதென்று வெறுமனே அறிவிக்கத்தான் சட்டமன்றங்களுக்கு அதிகாரம் கிடையாது, தீர்ப்பு எந்தச் சட்ட வாசகத்தை அடித்தளமாகக் கொண்டதோ அதை மாற்றியமைக்கும் அதிகாரம் உண்டு. மேலும், இயற்றும் அதிகாரம் இல்லாதிருத்தல், அரசமைப்பின் வரம்பை மீறுதல் ஆகிய காரணங்களால் அல்லாமல், அறிவற்றது என்பதற்காக மட்டும் ஒரு சட்டத்தை நீதிமன்றம் நீக்குவதில்லை. ஆகவே மனுதாரர்கள் சமத்துவத்துக்கான 14ஆவது பிரிவையும், நல்ல சுற்றுச்சூழலை உள்ளடக்கியதாக விரித்துப் பொருள்கொள்ளப்பட்ட 21ஆவது பிரிவையும், காடுகளைக் காப்பது அரசின் கடமை என்னும் 48-ஏ பிரிவையும் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகளின் மாசு குறித்த 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்கப்பட்ட முன்னெச்சரிக்கைக் கொள்கை அவர்களுக்குத் துணை நிற்கும். ஒருமுறை எட்டிய சூழல் பாதுகாப்பின் தரத்திலிருந்து அரசு கீழிறங்கக்கூடாது என்னும் பின்னடைவின்மைக் கொள்கையும் துணைக்கு வரலாம். ஆயினும் இக்கொள்கைகள் பெரும்பாலும் அரசாணைகளையும் உரிமங்களையும் சோதிக்கவே பயன்பட்டிருக்கின்றன. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமொன்றை அவற்றின் பலத்தால் மட்டும் வீழ்த்துவது வேறு வகையான பணி.

இத்தகைய வழக்குகளில் இறுதித் தீர்ப்பைக் காட்டிலும் இடைக்கால ஆணைகளே உண்மையில் ஆட்சி செய்கின்றன. ஆரவல்லி நிலங்களைக் காக்கும் 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டத்தை ஹரியானா சட்டமன்றம் 2019 பிப்ரவரியில் திருத்தியபோது, அடுத்த சில நாட்களிலேயே, மார்ச் 1 அன்று, அதைச் செயல்படுத்த உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் அதே போக்குதான். 2024 பிப்ரவரி 19 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, அத்திருத்தத்தை ஒட்டி வந்த புதிய விதிகளின் 16ஆவது விதிப்படி வல்லுநர் குழுக்கள் ஒருங்கிணைந்த பதிவேட்டைத் தயாரித்து முடிக்கும்வரை 1996ஆம் ஆண்டின் பொருளையே மாநிலங்கள் பின்பற்ற வேண்டும் என்றும், பழைய குழுக்களின் அறிக்கைகளை ஒன்றிய அரசு ஏப்ரல் 15க்குள் இணையத்தில் வெளியிட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஈடான நிலம் தராமல் காட்டுப் பரப்பைக் குறைக்கும் எந்த நடவடிக்கையும் கூடாது என்று 2025 பிப்ரவரி 3இல் இன்னொரு ஆணை வந்தது. அதே ஆண்டு மார்ச் 4இல், ஒரு மாதத்துக்குள் குழுக்களை அமைத்து ஆறு மாதங்களில் பணியை முடிக்க வேண்டும், தவறினால் தலைமைச் செயலாளர்களே நேரில் பொறுப்பு என்றது நீதிமன்றம். 1996இல் ஒரு மாதக் கெடு விதிக்கப்பட்ட வேலைக்கு 28 ஆண்டுகள் கழித்து மீண்டும் கெடு.

இடைக்கால ஆணைகளில் நிலைத்தன்மை இல்லை என்று குறைகூறுவோர் உண்டு. இறுதித் தீர்ப்புகளும் இப்போது அவ்வளவு நிலையானவையாகத் தெரியவில்லை. சுற்றுச்சூழல் அனுமதி பெறாமல் தொடங்கிய திட்டங்களுக்குப் பின்னாளில் அனுமதி வழங்கும் முறையை வனசக்தி வழக்கில் 2025 மே 16 அன்று செல்லாததாக்கிய உச்ச நீதிமன்றமே, நவம்பர் 18 அன்று இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

கெடுவுக்குப் பணிந்து மாநிலங்கள் என்ன செய்யும் என்பதற்கு முதல் எடுத்துக்காட்டை ஹரியானா தந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் அம்மாநிலம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, தனித்து இருக்கும் நிலம் குறைந்தது 5 ஹெக்டேர் பரப்பும், அறிவிக்கப்பட்ட காட்டை ஒட்டியிருந்தால் 2 ஹெக்டேர் பரப்பும், 40 விழுக்காட்டு விதான அடர்த்தியும் கொண்டிருந்தால்தான் அகராதிப் பொருளில் காடு. விதான அடர்த்தி என்பது மரங்களின் தலைப்பரப்பு தரையை எவ்வளவு மூடுகிறது என்னும் அளவு. வன ஆய்வு நிறுவனம் ஒரு ஹெக்டேரில் 10 விழுக்காடு இருந்தாலே காட்டுப் போர்வையாகக் கணக்கிடுகிறது. மழை குறைந்த ஆரவல்லியின் இயல்பான தாவரம் குட்டையான மரங்களும் முட்புதர்களும் விரவியது. அங்கே 40 விழுக்காட்டை வரம்பாக வைப்பது, அந்த நிலத்தின் இயல்பையே அதற்கு எதிரான சாட்சியாக நிறுத்துவதாகும். மலபார் எல்லையின் மழைக்காடும் ஹரியானாவின் புதர்க்காடும் ஒரே எண்ணால் அளக்கப்பட வேண்டியதில்லை என்பதே மாநிலந்தோறும் குழு அமைக்கச் சொன்னதன் காரணம். அந்த உரிமை பாதுகாப்பை விரிக்கவும் பயன்படலாம், சுருக்கவும் பயன்படலாம்.

பதிவேட்டையே எல்லையாக வைத்த 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வந்த விளக்கம், அரசுப் பதிவேடு என்பதில் வருவாய்த் துறை, வனத் துறை ஆகியவற்றின் ஆவணங்களோடு, அரசு ஏற்ற உள்ளாட்சி அமைப்புகளும் சமூகங்களும் மன்றங்களும் வைத்திருக்கும் பதிவுகளையும் சேர்க்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபையின் வழியாகச் சமூகக் காட்டு வள உரிமையை வரைபடத்தோடு பதிவுசெய்ய வழி தந்திருக்கிறது. அக்கிராம சபைகளின் சொல்லுக்குச் சட்டத்தில் எவ்வளவு எடை உண்டு என்பதை ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் குறித்த 2013 ஏப்ரல் 18ஆம் நாள் தீர்ப்பு காட்டியது. அதிகாரிகளை மட்டுமே கொண்டு பட்டியல் முடிக்கப்படுமானால் விடுபடுவது எதுவென்று கேட்கவும், விடுபட்டதைத் தன் ஆவணத்தால் நிரூபிக்கவும், கிராம சபைக்கு இதைவிட வலுவான பிடி இப்போதைய சட்டத்தில் வேறில்லை. தனியாரும் தோட்ட நிறுவனங்களும் ஏற்கெனவே அளவை வரைபடங்களோடு குழுக்களின் முன் வருவார்கள். சமூகக் காட்டு உரிமைப் பட்டயங்கள் இன்னும் வழங்கப்படாத ஊர்கள் எதைக் கொண்டு வரும் என்பது அந்தந்த மாநில அரசின் பழங்குடியினர் நலத்துறை அடுத்த சில மாதங்களில் செய்யும் வேலையைப் பொறுத்தது.